என்றும் ஒன்பது வயது பயனரசன்

வட சென்னை விம்கோ நகரில், முன்பு ஆணி செய்துகொண்டிருந்த ஒரு கொட்டகைக்கு வெள்ளையடித்து, ஏசி போட்டு, பயில்திரை ஆய்வு மையம் என்ற ஒன்றை நடத்திவருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் டேப் தொடுதிரையில் எந்தப் படம் எங்கே இருக்க வேண்டும், எந்தப் பொத்தானைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று ஆராய்வது மையத்தின் வேலை. இவ்வளவு நுட்பமான ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக இருக்கும் என்பதால் பிள்ளைகளை மட்டும் உள்ளே விடுவதில்லை.

அவர்களுக்குப் பதிலாக அங்கே பயனரசன் இருக்கிறான்.

பயனரசன் ஒரு புகைப்படம். ஒன்பது வயதுப் பையன். வலது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு. மேல் வரிசையில் ஒரு பல் இல்லை, அதைப் பற்றிய வருத்தமும் இல்லை. மையம் தொடங்கிய புதிதில் இயக்குநர் முனைவர் திருமலை ஏதோ ஒரு பள்ளி விழாவுக்குப் போனபோது தன் கையாலேயே எடுத்த படம். இந்தத் தொழிலில் இது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். யாருக்காகச் செய்கிறோம் என்பது மறந்துபோகாமல் இருக்க, பயனர் என்று ஒரு கற்பனை ஆளை உண்டாக்கி, பேர் வைத்து, அவனுக்குப் பிடித்தது பிடிக்காததை எல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். இங்கே கிழிக்கவில்லை. தேக்குச் சட்டம் போட்டுக் கூட்ட அறையில் மாட்டி, கீழே ஒரு நாற்காலியும் ஒதுக்கிவிட்டார்கள்.

மையத்தின் முதல் விதி, இயக்குநரே எழுதியது: ‘பயனரசன் சொல்லே இறுதி.’

எந்தப் புது வடிவமைப்பையும் முதலில் பயனரசன் முன்னால் காட்ட வேண்டும். பிறகு எல்லோரும் படத்தைப் பார்த்தபடி பேசாமல் இருப்பார்கள். அதற்குப் பயனரசன் மௌனம் என்று பெயர். அந்த நேரத்தில் திருமலை கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு, தன் விரிந்த காதுகளில் ஒன்றைத் தடவிக்கொண்டிருப்பார். முடிவில் பயனரசனுக்கு என்ன தோன்றியது என்று அவரே சொல்வார். பயனரசனுக்கு நீல நிறம் பிடிக்கும். இயக்குநரின் சட்டைகள் எல்லாம் நீலம். பயனரசனுக்குப் பருத்திப்பால் பிடிக்கும். இயக்குநருக்கு அது கிடைக்கும் மதுரைதான் சொந்த ஊர். இயக்குநருக்குச் சர்க்கரை வந்த வருடம் பயனரசனுக்கும் இனிப்பு வெறுத்துப்போயிற்று. இதெல்லாம் தற்செயல் என்று மையத்தில் எல்லோரும் நம்பினார்கள். நம்பாதவர்கள் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டார்கள்.

மெஹ்னாஸுக்குப் பெங்களூர் போக விருப்பமில்லை. வண்ணாரப்பேட்டைக்காரி. வடிவமைப்பு படித்துவிட்டு, மெட்ரோவில் ஏறினால் கடைசி நிறுத்தத்தில் ஆபீஸ் என்ற சந்தோஷத்தோடு இந்த மையத்தில் சேர்ந்தாள். தகுதிகாண் காலம் ஒரு வருடம் என்றார்கள். வருட முடிவில், பயனரசனுக்கு அவள் இன்னும் பழக்கமாகவில்லை என்று சொல்லி இன்னொரு வருடம் நீட்டினார்கள். அதுவும் முடியப்போகிறது. இந்த முறை அவள் காட்டும் வடிவமைப்பைப் பார்த்து மையத்தின் குழு சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெங்களூரில் ஒரு கம்பெனி தயாராக இருந்தது. செருப்பு விற்கும் செயலியில் ‘வாங்கு’ என்ற பொத்தானை இன்னும் பெரிதாக்குவதற்கு ஆள் வேண்டுமாம்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சட்டைக்கடை வைத்திருக்கும் அவளுடைய அத்தா மஜீதுக்கு மகளின் வேலை கடைசிவரை பிடிபடவில்லை.

“இன்னாம்மா இது, ரெண்டு வருசமா ஒரே ஒரு பட்டன வெச்சிகினு கீற? நம்ம டைலரு டீ ஆறுறதுக்குள்ள ஒரு சட்டைக்கே ஏழு வெக்கிறாரு.”

“அது வேற பட்டன் அத்தா.”

“எதுவா இருந்தா இன்னா. கழண்டு வராம இருந்தா சரி.”

அந்த ஒரே ஒரு பொத்தானுக்கு ஒரு கதை உண்டு. நாலாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில், புரியாவிட்டால் தொடுவதற்காகத் திரையின் மூலையில் ஒரு கேள்விக்குறி இருந்தது. மையம் பல வருடம் ஆராய்ந்து வைத்த கேள்விக்குறி. நீல நிறம். மெஹ்னாஸின் அக்கா மகள் ரிஃபானா பின்னக் கணக்கில் மாட்டிக்கொண்டு, டேப்பைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுததை அவள் ஒரு நாள் பார்த்தாள்.

“அத தொட வேண்டியதுதானே ரிஃபா? உதவி வரும்.”

“அய்யோ, தொட்டா இன்னும் ஒரு கேள்வி கேக்கும் சின்னம்மா!”

பிள்ளை சொன்னது நியாயம். கேள்விக்குறியை அவள் பரீட்சைத் தாளில்தான் பார்த்திருக்கிறாள். அது உதவி செய்து அவள் பார்த்ததே இல்லை. பிறகு தெருப் பிள்ளைகள் நாலு பேர் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதை மெஹ்னாஸ் கவனித்தாள். ஒருத்திக்குத் தெரியாவிட்டால் பக்கத்திலிருப்பவளை முழங்கையால் ஓர் இடி இடிப்பாள். அவள் தலையைத் திருப்பாமலே முணுமுணுப்பாள். காரியம் நடந்துவிடும்.

கேள்விக்குறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு முழங்கையை வரைந்தாள் மெஹ்னாஸ். தொட்டால் முழங்கை லேசாக இடிக்கும். ஒரு சின்னக் குரல், பாதி வழியை மட்டும் ரகசியமாகச் சொல்லும். மீதியைப் பிள்ளைதான் போட வேண்டும். ரிஃபானா தொட்டாள், கேட்டாள், களுக்கென்று சிரித்தாள், போட்டாள். “நானே போட்டேன்!” என்று வீடு முழுக்க ஓடினாள். மெஹ்னாஸுக்கு அன்று வந்த சந்தோஷம் சம்பள நாளில்கூட வந்ததில்லை. போனால் இந்த முழங்கையோடு போவோம் என்று முடிவு செய்துகொண்டாள்.

குழு கூடும் நாளாகப் பார்த்துப் பயனரசன் பிறந்தநாளும் வந்து தொலைந்தது. வருடா வருடம் அவனுக்கு ஒன்பது வயது நிறைந்துகொண்டிருந்தது. இந்த வருடம் ஊருக்கும் தெரியட்டும் என்று, பக்கத்திலிருக்கும் காலடிப்பேட்டையில் மெயின் ரோட்டைப் பார்த்தபடி ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வைக்கச் சொன்னார் இயக்குநர். காட்சி வடிவமைப்புத் தலைவர் சங்கமித்ரா அதைத் தயாரித்தார். நடுவில் பயனரசனின் படம். பின்னால் பாடங்கள் சேமிக்கப்படும் கணினி மேகத்தைக் குறிக்க வெள்ளை மேகங்கள். கீழே அறிவைக் குறிக்க ஒரு குத்துவிளக்கு. சுற்றிலும் மலர்ச்சியைக் குறிக்கப் பூக்கள். அடியில் மையத்தின் பேர், முகவரி; அதற்கு மேல் ஊழியர்கள் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள். மேலே கொட்டை எழுத்தில் இயக்குநரின் வாசகம்: ‘என்றும் ஒன்பது வயது! எங்கள் நெஞ்சை விட்டு நீங்காத பயனரசன்!’

அச்சுக்குப் போகும் முன் மெஹ்னாஸ் பார்த்துப் பதறிப்போனாள். “மேடம், எங்க ஏரியால இந்த மாதிரி வெச்சா கண்ணீர் அஞ்சலின்னுதான் நினைப்பாங்க.”

சங்கமித்ரா கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில், “எனக்கும் அப்படித்தான் தோணுது” என்றார். “ஆனா பயனரசனுக்குத் தோணலைன்னு சார் சொல்லிட்டார்.”

மறுநாள் காலை ஃபிளெக்ஸ் ஏறியது. குழு கூடியது. பயனரசனுக்கு கேக் வெட்டி, சர்க்கரை கூடாது என்பதால் அதை அப்படியே எடுத்து வைத்தார்கள். பிறகு மெஹ்னாஸ் சுவரில் திரையை விரித்து முழங்கையைக் காட்டினாள். ரிஃபானா அதை எப்படிப் பயன்படுத்தினாள் என்றும் சொன்னாள்.

நெறிமுறை அலுவலர் ஜெபசிங்குக்கு முகம் வெளிறிவிட்டது. “நிஜப் பிள்ளைகளிடமா காட்டினீர்கள்? அதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பெற்றோரை அணுக என் ஒப்புதல் வேண்டும். நான் ஒப்புதல் தருவதற்கு ஒரு பிரிவு வேண்டும். அந்தப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை. இதெல்லாம் தெரிந்துமா செய்தீர்கள்?”

“எங்க அக்கா பொண்ணு சார். எங்க வீட்டுலதான் இருக்கா.”

“வீடு ஓர் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கூடம் அல்ல.”

திருமலை தொண்டையைக் கனைத்தார். அவர் பேச ஆரம்பித்தால் பேச்சு சொற்பொழிவாகிவிடும். “மெஹ்னாஸ், நிஜப் பிள்ளைகளை நான் மதிக்கிறேன். ஆனால் ஆய்வுக்கு அவர்கள் உதவ மாட்டார்கள். ஒருவன் சிரிக்கிறான், ஒருத்தி மூக்கைச் சிந்துகிறாள். நாம் கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிறார்கள். பயனரசனைப் பாருங்கள். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது நம் முடிவுக்கு எதிராக வாய் திறந்திருக்கிறானா? அதற்குப் பெயர்தான் நம்பகத்தன்மை. நான் ஒன்பது வயதில் யாரையும் முழங்கையால் இடித்ததில்லை. யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் இல்லை. பயனரசனும் அப்படித்தான். சரி, மௌனத்துக்குப் போவோம்.”

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். கீழுதடு பிதுங்கியது. காது தடவப்பட்டது. மெஹ்னாஸ் மனதுக்குள் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

“பயனரசன் வருத்தப்படுகிறான்” என்று திருமலை வாய் திறந்த நேரத்தில் மேசை மேலிருந்த போன் அடித்தது. வாசல் காவலாளி.

“சார், பயனரசனோட அம்மா வந்திருக்காங்க.”

“வாய்ப்பில்லை” என்றார் திருமலை. “பயனரசனின் தாயார் அமைதியான இல்லத்தரசி. முன்னறிவிப்பு இல்லாமல் எங்கும் போக மாட்டார்.”

அதற்குள் கதவு திறந்துகொண்டது. முந்தானையை இடுப்பில் சொருகி, மீன் வெட்டிய கையைக்கூடக் கழுவாமல் ஓர் அம்மாள் நின்றாள். பச்சையம்மா என்று பேர். காலடிப்பேட்டையில் மீன் விற்பவள்.

“யாருய்யா அது, எம்புள்ளைக்கு வெளக்கு ஏத்துனவன்?”

கேட்டுக்கொண்டே அவள் மேசைவரை வந்துவிட்டாள்.

“நா பாட்டுக்கு மீனு வித்துகினு கீறேன். ஒருத்தி வந்து கையப் புடிச்சிகினு அழுவுறா. இன்னாடின்னா, நிமிந்து பாருக்கான்றா. பாத்தா எம்புள்ள! மேகத்துல நிக்கிறான்! கீழ வெளக்கு எரியுது! காலைல பழைய சோறு துன்னுட்டுப் போனவன்யா!”

அவள் பின்னால் குப்பத்து சனம் பாதி நின்றது. ஒருவர் கையில் பெரிய ரோஜா மாலை. ஒருவர் தோளில் மேளம். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, வலது புருவத்தில் தழும்போடு வாட்டசாட்டமான ஓர் இளைஞன் முன்னால் வந்தான்.

“நான் வெற்றி சார். மேளச் சத்தம் கேட்டுதான் நானே வந்தேன். யாருக்குடா சாவுன்னு கேட்டேன். ஒனக்குத்தான் மாமு, வா வா, லேட்டாவுதுன்னு இட்டுகினு வந்துட்டானுங்க.” பேசிக்கொண்டே சுவரைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “யம்மா! நான்தாம்மா! ஸ்கூல்ல சாக்லெட்டு குடுத்து ஒரு சாரு போட்டோ புடிச்சாரே, அது!”

திருமலை படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “தம்பி, உங்களுக்கு ஒன்பது வயதல்லவா?”

“ஆமா சார், அப்போ. வூட்ல சோறு போட்டாங்க, வளந்துட்டேன்.”

“அந்தப் பல்?”

“அது மொளச்சிச்சி சார்.”

சரிபார்க்காமல் எதையும் ஏற்கக் கூடாது என்று ஜெபசிங் பயனரசனின் குறிப்பை எடுத்து உரக்கப் படித்தார். “கடலைக் கண்டால் அஞ்சுவான்.”

“எவன்? போட்டு ஓட்றவனா?” என்றாள் பச்சையம்மா.

“விடியற்காலையில் எழுவான்.”

“எழுந்துப்பான், ஏலத்துக்கு.”

“மரக்கறி உணவு மட்டுமே உண்பான்.”

குப்பத்து சனம் சிரித்த சிரிப்பில் மேளம் தானாக ஒரு தடவை அதிர்ந்தது. ஜெபசிங் மட்டும் சிரிக்கவில்லை. “இவர் பல இடங்களில் பயனரசனிடமிருந்து விலகியிருக்கிறார். திருத்தங்களை இவரிடம்தான் செய்ய வேண்டியிருக்கும்” என்றார்.

“திருத்துவே, திருத்துவே! படம் புடிக்கறப்போ எங்கிட்ட கேட்டியா? செவுத்துல மாட்டறப்போ கேட்டியா? எண்ணூர்ல புள்ளைக்குப் பொண்ணு பேசி வெச்சிகீறோம். அந்த ஜோதிகா பொண்ணு போன்ல அழுதுகினே கீது. யாரு பதில் சொல்றது? இங்க இதெல்லாம் பாக்கறதுக்குன்னு ஒருத்தன் இல்ல?”

எல்லோரும் ஜெபசிங்கைப் பார்த்தார்கள். ஜெபசிங் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

அம்மா சண்டை போட்டுக்கொண்டிருக்க, வெற்றியின் கண் எதிர்ச்சுவரில் விரிந்திருந்த திரைக்குப் போய்விட்டது. கிட்டே போய்ப் பார்த்தான். “இன்னாக்கா இது, முழங்கையா?” என்று மெஹ்னாஸைக் கேட்டான்.

“ஆமாங்க. கணக்கு புரியலன்னா இத தொடணும்.”

“அட்ரா சக்க! பக்கத்துல கீறவன இடிக்கிறது!” டேப்பை வாங்கித் தொட்டான். முழங்கை இடித்தது. சின்னக் குரல், “கீழ இருக்குற நம்பர் ரெண்டும் ஒண்ணான்னு மொதல்ல பாரு” என்று கிசுகிசுத்தது. வெற்றி விழுந்து விழுந்து சிரித்தான். “ஸ்கூல்ல எம்பக்கத்துல குந்துவானே நம்ம நோயலு, அவன மாதிரியே பேசுதும்மா! அவன் முழங்கை இல்லாங்காட்டி நான் அஞ்சாங்கிளாஸ்லயே குந்திகினு இருந்திருப்பேன். தப்பா போட்டாலும் பரவால்ல, கூட ஒருத்தன் கீறான்னு ஒரு தைரியம் சார்.”

கணக்கை அவன் தப்பாகத்தான் போட்டான். மறுபடி இடித்தான், மறுபடி போட்டான். மேளக்காரர், “எங்க, நானு” என்று கையை நீட்டினார். மாலைக்காரர் மாலையைப் பயனரசனின் நாற்காலியில் வைத்துவிட்டு வரிசையில் நின்றார். மையம் தொடங்கியதிலிருந்து ஒரு பாடத்தை மனிதர்கள் அடித்துப் பிடித்துத் தொட்டது அன்றுதான்.

மெஹ்னாஸ் இயக்குநர் பக்கம் திரும்பினாள். துணிந்து சொல்லிவிட்டாள். “சார், பயனரசனுக்குப் பிடிச்சிருக்கு.”

“இவர் எப்படிப் பயனரசன் ஆவார்?” என்று திருமலை சீறினார்.

தரையிலிருந்து தலையைத் தூக்கினார் ஜெபசிங். விதி என்று வந்துவிட்டால் அவருக்குச் சொந்த பந்தம் கிடையாது. “சார், ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர் பயனரசன் இல்லையென்றால், யாரோ ஒருவருடைய பிள்ளையின் படத்தைக் கேட்காமலே இத்தனை வருடம் நாம் மாட்டி வைத்திருந்தோம் என்றாகிறது. இவர்தான் பயனரசன் என்றால், இங்கே எல்லாமே இவருடைய ஒப்புதலோடு நடந்தது என்றாகிறது.”

திருமலை பச்சையம்மாவின் கையைப் பார்த்தார். மீன் செதில்கள் மின்னின. பயனரசன் மௌனம் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது அந்த ஒரு முறைதான்.

“இவர்தான் பயனரசன்” என்றார்.

“அப்போ விதி ஒண்ணு இருக்கு சார்” என்றார் சங்கமித்ரா, யாரையும் பார்க்காமல். “பயனரசன் சொல்லே இறுதி.”

“இன்னா எழுதணுமோ சட்டுனு எழுது. கூடை வெயில்ல கீது” என்றாள் பச்சையம்மா.

எழுதினார்கள். முழங்கை ஏற்கப்பட்டது. அதைச் செய்த மெஹ்னாஸின் வேலை நிரந்தரமானது. காசு கொடுத்து வாங்கிய மாலையை யாருக்கும் போடாமல் திருப்பி எடுத்துப்போவது நல்லதல்ல என்று சொல்லி, குப்பத்துக்காரர்கள் அதை இயக்குநர் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். மக்கள் மத்தியில் தனக்கு இவ்வளவு மரியாதையா என்று அவர் சாயங்காலம்வரை அதைக் கழற்றவில்லை.

மறுநாள் காலடிப்பேட்டையில் மையத்தின் செலவில் புது ஃபிளெக்ஸ் வந்தது. மேகம் இல்லை, விளக்கு இல்லை. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு படகின் முனையில் நிற்கும் வெற்றி. வாசகம் பச்சையம்மாவுடையது: ‘எம்புள்ள நல்லா கீறான்.’ மையம் செய்த ஃபிளெக்ஸ்களில் ஊர் முழுக்கப் புரிந்துகொண்டது இது ஒன்றுதான். எண்ணூரில் ஜோதிகாவும் அழுகையை நிறுத்தினாள்.

“நிரந்தரம் பண்ணிட்டாங்க அத்தா” என்று மெஹ்னாஸ் வீட்டில் சொன்னபோது மஜீது கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பட்டன் நின்னுச்சா? அல்ஹம்துலில்லாஹ்” என்றார். ரிஃபானா முழங்கையால் அவள் விலாவில் இடித்தாள்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் பயனரசனாக இருப்பவன் வளரக் கூடாது. அவனுக்கு அம்மா இருக்கக் கூடாது. எனவே புகைப்படம் கூடாது, ஓவியம்தான் பாதுகாப்பு. வரையும் பொறுப்பு, புதிதாக நிரந்தரமான மெஹ்னாஸிடம் வந்தது.

அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். பயனரசனைப் பற்றி மையத்தில் சொல்லப்பட்ட அத்தனையையும் மனதில் ஓட்டினாள். நீலம், பருத்திப்பால், கடல் பயம், பக்கத்தில் யாரும் உட்காராத பெஞ்சு. அந்தப் பெஞ்சை நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. மனதில் வந்த முகத்தை அப்படியே வரைந்தாள். நீலச் சட்டை போட்ட ஒன்பது வயதுப் பையன். விரிந்த காதுகள். சற்றே பிதுங்கிய கீழுதடு.

கூட்ட அறையில் படத்தின் மேலிருந்த துணியை விலக்கினார்கள். ஜெபசிங் படத்தைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், சட்டென்று விதிப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். திருமலை மட்டும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

“இவன்தான்” என்றார். “இத்தனை வருடம் நான் மனதில் வைத்திருந்தவன் இவன்தான். எங்கேயோ பார்த்த முகம். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.”

கீழுதட்டைப் பிதுக்கி, காதைத் தடவியபடி அவர் யோசிக்கத் தொடங்கினார்.  மேசைக்கு அடியில் சங்கமித்ராவின் முழங்கை மெஹ்னாஸின் விலாவில் மெதுவாக ஓர் இடி இடித்தது.